முதலியார் மேசைக்கு ஆள் வேண்டுமானால் அறிவித்தல் வெருகல் வரை வரட்டும்

நீதிச்சேவை ஆணைக்குழுவின் செயலாளர் அவர்களுக்கும், நீதி அமைச்சின் செயலாளர் அவர்களுக்கும், திருகோணமலையில் தொழில் புரியும் சட்டத்தரணிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

சில கிழமைகளுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒரு பிள்ளை வெருகலிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, உப்புவெளியில் இருக்கும் என் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. அதற்குள் பிறப்புச் சான்றிதழ், உயர்தரப் பெறுபேறு, கிராம உத்தியோகத்தரின் நற்சான்று. எல்லாவற்றுக்கும் மேலே, மழை நனையாதபடி தனி உறையில் போட்டு, வர்த்தமானியின் ஒரு பக்கத்து நிழற்பிரதி. எத்தனை கை மாறியதோ தெரியாது, பிரதியின் பிரதி அது. ஓர எழுத்துகள் கரைந்து போயிருந்தன. நீதிமன்றத்தில் பேச்சை மொழிமாற்றிச் சொல்லும் உரைபெயர்ப்பாளர் பதவி ஒன்றுக்கான அறிவித்தல். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான் முதலில் தேடியது முடிவுத் திகதியைத்தான். அது கடந்து 11 நாள் ஆகியிருந்தது.

நான் சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது. "தெரியும் அம்மா. அடுத்த முறை எப்போது வரும், அது வந்தால் எனக்கு யார் சொல்வார்கள் என்று கேட்கத்தான் வந்தேன்" என்றாள்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒழுங்கான பதில் இருக்கவில்லை. 30 வருடம் அந்த வேலையைச் செய்தவளிடமே இல்லை. ஆகவேதான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். அது எந்த அலுவலகத்தின் அறிவித்தல் என்று எழுதப்போவதில்லை. யாரையும் குற்றம் சொல்வது என் நோக்கமல்ல, அவளுடைய கேள்விக்கு உங்களிடமிருந்து பதில் வாங்குவதுதான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். 1991 இல் நீதிமன்ற உரைபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன், 2021 இல் ஓய்வுபெற்றேன். உரைபெயர்ப்பாளர் என்பது கடிதத்தில் எழுதும் பெயர். கோட்டடியில் எங்களை முதலியார் என்றுதான் சொல்வார்கள், என்னை 'முதலியார் அம்மா' என்றார்கள். என் தகப்பனார் கந்தளாய் சீனித் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அந்த விடுதி ஒழுங்கைகளில் சிங்களப் பிள்ளைகளோடு கிளித்தட்டு விளையாடிப் படித்த சிங்களம்தான் எனக்குச் சோறு போட்டது. புத்தகச் சிங்களத்தை அதன் பிறகுதான் படித்தேன்.

அந்தப் பிள்ளையின் கதையும் ஏறக்குறைய அதேதான். தாய் சேருவிலப் பக்கம் வயல் வேலைக்குப் போய்வந்தவர். இவள் அங்கே கடை வைத்திருந்த குடும்பத்தோடு வளர்ந்தவள். நான் சிங்களத்தில் பேச்சுக் கொடுத்தேன், தடங்கலின்றிப் பதில் வந்தது. அதுவும் வயல்வெளிச் சிங்களம், பரீட்சைச் சிங்களமல்ல. இப்படி ஒரு காதும் நாக்கும் உள்ள பிள்ளையைத் தேடி நீதிமன்றம் அல்லவா போகவேண்டும்?

நமது மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. பட்டணமும் சூழலும் பிரிவில் இருப்பவருக்கு நீதிமன்றம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வெருகலில் இருப்பவருக்கும் பதவிசிறிபுரவில் இருப்பவருக்கும் அது ஒரு நாள் பயணம். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதும் மூதூர்ப் பக்கத்துச் சனங்களின் பயணம் இலகுவானது உண்மை. அதற்கு முன் வழக்குத் தவணைக்கு வருகிறவர்கள் படகையும், பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையையும் நம்பியிருந்தார்கள். காற்று பிழைத்தால் வழக்கும் பிழைத்துவிடும். இன்று பாலத்தின் மேல் பஸ் ஓடுகிறது. வேலை அறிவித்தல் மட்டும் இன்னும் இக்கரையிலேயே நிற்கிறது.

நீதிமன்ற வேலைகளுக்கு ஆள் எடுப்பது யார் என்று எங்கள் சனங்களிடம் கேட்டுப் பாருங்கள். பாராளுமன்ற உறுப்பினர் என்பார்கள், அமைச்சர் என்பார்கள், 'உள்ளே ஆள் இருக்கவேண்டும்' என்பார்கள். அரசியலமைப்பு சொல்வது வேறு. பிரதம நீதியரசரைத் தலைவராகக் கொண்ட மூவர் அடங்கிய நீதிச்சேவை ஆணைக்குழுவிடம்தான் அந்தப் பொறுப்பு இருக்கிறது. நீதவான்களையும் மாவட்ட நீதிபதிகளையும் மட்டுமல்ல, பதிவாளர், நீதிமன்றக் கட்டளைகளை நிறைவேற்றும் பிஸ்கால், உரைபெயர்ப்பாளர், சுருக்கெழுத்தாளர், தட்டெழுத்தாளர் போன்ற நீதிமன்ற உத்தியோகத்தர்களையும் நியமிப்பது அந்த ஆணைக்குழுதான். ஏடு கட்டுபவரின் பதவிகூட அந்தப் பட்டியலில் இருக்கிறது. இந்த ஒரு விடயம் ஊரில் தெரிந்திருந்தால் எத்தனை குடும்பங்களின் நகை அடைவுகடைக்குப் போகாமல் தப்பியிருக்கும்!

மிகைப்படுத்தவில்லை. மகனுக்குக் கோட்டில் வேலை எடுத்துத் தருவதாகச் சொன்ன ஒரு தரகரிடம் காசு கொடுத்துவிட்டு, கொடுத்ததற்குத் துண்டும் இல்லாமல், பொலிசுக்குப் போகவும் பயந்து, என் வீட்டுத் திண்ணையில் வந்து அழுத தாய் ஒருவரை எனக்குத் தெரியும். காசு கொடுத்ததும் குற்றமாகிவிடுமோ என்ற பயம் அவருக்கு. அவரிடம் நான் கேட்டேன்: "பரீட்சை எழுதினானா?" "பரீட்சை இருக்கிறதா?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

இப்போது மொழி விடயத்துக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரியாத சட்டமல்ல. ஆனாலும் நம் மாவட்டத்தில் அது எப்படிக் காலூன்றி நிற்கிறது என்பதைச் சொல்லவேண்டும். அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரைப்படி சிங்களமும் தமிழும் நாடு முழுவதும் நீதிமன்ற மொழிகள். தமிழ் நிருவாக மொழியாக உள்ள வடக்கிலும் கிழக்கிலும் தவிர மற்ற இடங்களில் வழக்கு சிங்களத்தில் நடக்கும். நீதிபதியோ தரப்பினரோ அவருக்காகத் தோன்றுபவரோ, நீதிமன்றத்தின் மொழியை விளங்கிக்கொள்ளாதவராக இருந்தால், உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் பெறுவது அவருடைய உரித்து. அதைக் கொடுக்கவேண்டியது அரசு. மேன்முறையீடு போனால், அதைக் கேட்கும் நீதிமன்றத்தின் மொழியிலும் வழக்கேடு தயாராகவேண்டும்.

இதைத் திருகோணமலையில் வைத்துப் பாருங்கள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையில் மீன் வாங்கும் மாவட்டம் இது. கந்தளாயிலிருந்தும் கோமரங்கடவலவிலிருந்தும் வரும் சிங்கள விவசாயிக்கு இங்கே தமிழ் வழக்கு விளங்காது. மூதூர்க்காரர் ஒருவர் பொலன்னறுவையில் ஒரு விபத்து வழக்கில் மாட்டினால் அங்கே சிங்கள வழக்கு இவருக்கு விளங்காது. இரண்டு திசையிலும் ஒருவர் நடுவில் நிற்கவேண்டும். அந்த ஒருவர் வரவில்லையென்றால் வழக்குக்குத் தவணை போடுவதைத் தவிர வேறு வழியில்லை. சாட்சி சொல்ல வந்தவருக்கு அன்றைய கூலி போனது, பஸ் காசும் போனது. விளக்கமறியலில் இருப்பவருக்கோ இன்னும் இரண்டு கிழமை.

ஆள் வந்தால் மட்டும் போதுமா? போதாது. இதை ஒரு சம்பவத்தின் மூலம்தான் சொல்ல முடியும். ஊர் வேண்டாம், நீதிமன்றம் வேண்டாம்.

பல வருடங்களுக்கு முன், சிங்களத்தில் விசாரணை நடக்கும் ஒரு நீதிமன்றம். நான் வேறொரு அலுவலாகப் போய்ப் பின்வாங்கில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் கரையோரத்துப் பெண் ஒருவர் சாட்சிக் கூண்டில் நின்றார். முந்தானையை இழுத்துத் தோளை மூடி, இரண்டு கையாலும் கூண்டின் விளிம்பைப் பிடித்திருந்தார். இரவில் வீடு புகுந்து அடித்த வழக்கு. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், எதிர்ப்பக்கத்தில் நிற்கிறார். அன்றிரவு வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டார்கள். அந்தப் பெண் சொன்னார்: "இவர் கடலுக்குப் போய்விட்டார். நானும் பிள்ளைகளும்தான்."

உரைபெயர்த்தவர் இளைஞர், கெட்டிக்காரர். நல்ல அலுவலகச் சிங்களம். 'இந்த நபர் கடலுக்குச் சென்றிருந்தார்' என்று பொருள்பட ஒரு சொல் பிசகாமல் சொல்லிவிட்டார். எதிரியின் சட்டத்தரணி தலையை நிமிர்த்தியதை நான் கண்டேன். பேனையை எடுத்து அவசரமாகக் குறித்துக்கொண்டார். எதிரி சம்பவ இடத்திலேயே இல்லை, கடலில் இருந்தார் என்று அரச தரப்புச் சாட்சியே சொல்கிறதே! அந்தப் பெண்ணோ எதுவும் அறியாமல் அடுத்த கேள்விக்குக் காத்து நிற்கிறார்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் கணவனின் பெயரைச் சொல்வதில்லை. 'இவர்' என்றால் கணவன். முன்னால் நின்றாலும் இவர்தான், நடுக்கடலில் இருந்தாலும் இவர்தான். இது தமிழ் தெரிந்த எல்லோருக்கும் தெரிந்த விடயம் என்று நினைப்பீர்கள். அந்த இளைஞருக்கும் தெரிந்துதான் இருக்கும், வீட்டில் இருக்கும்போது. நீதிமன்றத்துக்குள் வந்ததும் அவர் காது அலுவலகக் காதாகிவிட்டது. இன்னொன்றையும் சொல்லவேண்டும். சிங்களக் கிராமத்துப் பெண்ணும் கணவனை 'எயா' என்றோ 'மெயா' என்றோதான் சொல்வாள். வீட்டுத் தமிழை வீட்டுச் சிங்களத்தில் சொல்லியிருந்தால், அந்த நீதிமன்றத்தில் இருந்த பாதிப்பேருக்கு உடனே விளங்கியிருக்கும்.

தேநீர் இடைவேளையில் அரச தரப்புச் சட்டத்தரணியிடம் போய்ச் சொன்னேன். சாட்சியைத் திரும்ப அழைத்துக் கேட்டார்கள். 'இவர்' என்றது யாரை? பெண் வாய் திறக்கவில்லை. கணவரின் பெயர் என்ன? அப்போதும் இல்லை. நீதிபதி பொறுமையானவர், மூன்றாம் முறையும் மெல்லக் கேட்டார். பெண் தலையைக் குனிந்துகொண்டு, "எங்கள் மூத்தவனின் தகப்பன்" என்றார். அது அப்படியே வழக்கேட்டில் ஏறியது.

அன்று நான் பின்வாங்கில் இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை இத்தனை வருடமாக யோசிக்கிறேன்.

கைத்தொலைபேசியே மொழிபெயர்க்கும் காலத்தில் எதற்கு முதலியார் என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். அந்தப் பெண்ணின் 'இவர்' எந்தக் கருவிக்குத் தெரியும்? கிண்ணியாவிலிருந்து வரும் சகோதரர் 'காக்கா' என்றால் அது அண்ணன். 'மௌத்தாகிவிட்டார்' என்றால் காலமாகிவிட்டார். கணவனை இழந்த முஸ்லிம் பெண் இத்தாவில் இருக்கிறார் என்று தகவல் வந்தால், அந்த 4 மாதமும் 10 நாளும் அவர் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை என்பது நீதிபதிக்கு விளங்கும்படி சொல்லப்படவேண்டும். இல்லாவிட்டால் அழைப்பாணையை மதிக்காதவர் ஆகிவிடுவார். மீனவர் 'விடிய முதல் வலையை எடுத்தான்' என்றால் கடலில் போட்ட வலையை இழுத்தான் என்று பொருள். திருடினான் என்று அல்ல. இவற்றை ஒருவர் பாடசாலையில் படிக்க முடியாது. இந்த ஊர்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இவை தாய்ப்பாலோடு வந்தவை.

ஆகவே நீதிச்சேவை ஆணைக்குழுவிடம் என் முதல் வேண்டுகோள் இது. உரைபெயர்ப்பாளர் தெரிவில் எழுத்துப் பரீட்சை இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு காதையும் சோதியுங்கள். பேச்சுத் தமிழில் ஒரு சாட்சியத்தை ஒலிக்கவிட்டுச் சிங்களத்தில் சொல்லச் சொல்லுங்கள். வயல்வெளிச் சிங்களத்தில் ஒன்றை ஒலிக்கவிட்டுத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

அறிவித்தலைப் பற்றி இனிச் சொல்கிறேன். வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வருகிறது, மூன்று மொழியிலும் வருகிறது, இணையத்திலும் கிடைக்கிறது. சட்டப்படி அது போதும். ஆனால் வெருகலில் ஒரு பிள்ளை வெள்ளிக்கிழமை தோறும் வர்த்தமானி பார்ப்பாள் என்று எதிர்பார்ப்பது நியாயமா? அவளுடைய வீட்டார் பார்ப்பது பிரதேச செயலகத்தின் அறிவித்தல் பலகையை, கிராம உத்தியோகத்தரின் கதவை, கோயிலின் மதிலை, பள்ளிவாசலின் வாசலை. ஒரு பக்கத் தாள் போதும். பதவியின் பெயர், கல்வித் தகைமை, வயதெல்லை, முடிவுத் திகதி, விண்ணப்பம் அனுப்பவேண்டிய முகவரி. 'எவருக்கும் பணம் கொடுக்கவேண்டாம்' என்று தடித்த எழுத்தில் ஒரு வரி. 11 பிரதேச செயலகங்களுக்கும், பொது நூலகங்களுக்கும், மாவட்டத்தில் உள்ள ஒவ்வொரு நீதிமன்றத்தின் வாசலுக்கும் அதை அனுப்பினால் தபாற்செலவு எவ்வளவு வரப்போகிறது?

பரீட்சை நிலையமும் திருகோணமலையில் இருக்கட்டும். ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்றால், கொழும்புக்கு ஒரு நேர்முகத்துக்குப் போவது எங்கள் பிள்ளைகளுக்கு என்ன என்று நான் கண்டிருக்கிறேன். இரவு ரயிலில் ஏறவேண்டும். பெண் பிள்ளையானால் துணைக்குத் தகப்பனோ தமையனோ போகவேண்டும், அவருக்கு இரண்டு நாள் தொழில் இல்லை. விடியற்காலையில் கோட்டை நிலையத்தில் இறங்கி, அங்கேயே முகம் கழுவி, சேலையைச் சரிசெய்து, தூங்காத கண்ணோடு நேர்முக அறைக்குள் போகவேண்டும். நுகேகொடையிலிருந்து காலைச் சாப்பாடு முடித்து வருகிற பிள்ளையோடு போட்டி.

நீதி அமைச்சிடம் ஒரு கேள்வி. கிழக்கு மாகாண நீதிமன்றங்களில் உரைபெயர்ப்பாளர், சுருக்கெழுத்தாளர், தட்டெழுத்தாளர் பதவிகள் எத்தனை அனுமதிக்கப்பட்டிருக்கின்றன, அவற்றில் எத்தனை நிரம்பியிருக்கின்றன? இதை ஆண்டுக்கு ஒருமுறை தமிழில் வெளியிடுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் இதைக் கேட்கலாம். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். நானும் கேட்கத்தான் போகிறேன். ஆனால் ஒவ்வொரு தாயும் விண்ணப்பம் போட்டுத்தான் இதை அறியவேண்டும் என்றிருப்பது அழகல்ல.

இன்னொரு சின்ன விடயம், செலவே இல்லாதது. நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமாக நடக்கவேண்டும் என்று அரசியலமைப்பின் 106 ஆம் உறுப்புரை சொல்கிறது. எவரும் வந்து பின்வாங்கில் இருந்து கேட்கலாம். எங்கள் பிள்ளைகளுக்கு இது தெரியாது. நீதிமன்றம் என்றால் குற்றம் செய்தவன் போகும் இடம், வாசலில் பொலிஸ் நிற்கும் இடம் என்றே வளர்கிறார்கள். உயர்தர வகுப்பு மாணவர்களை வருடத்தில் ஒரு நாள் அழைத்து வந்து காட்டினால் என்ன? பதிவாளர் என்ன செய்கிறார், பதிவறையில் வழக்கேடுகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன, பிஸ்கால் எங்கே போகிறார், சுருக்கெழுத்தாளர் எப்படி எழுதுகிறார் என்று பார்த்தால் பத்துப் பேரில் ஒருவருக்காவது அங்கே ஒரு கதிரை தனக்கும் இருக்கலாம் என்று தோன்றும். எனக்கு அப்படித்தான் தோன்றியது. காணி வழக்கொன்றுக்காகத் தகப்பனாரோடு போன நாளில், நீதிபதிக்குக் கீழே நின்று இரண்டு மொழியில் மாறிமாறிப் பேசிய ஒரு வயதானவரைப் பார்த்தேன். வீடு வரும் வரைக்கும் அவரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேனாம்.

இனிச் சட்டத்தரணிகளான உங்களுக்கு. உங்களில் பலரை நீங்கள் கறுப்புக் கோட்டு போட்ட முதல் நாளிலிருந்தே தெரியும். ஆகவே உரிமையோடு எழுதுகிறேன்.

சட்டத்துறை வேலை என்றால் சட்டக் கல்லூரிக்குப் போவது மட்டும்தான் என்று இங்கே நினைக்கிறார்கள். அந்த வழி இருக்கிறது, நல்ல வழி. 1874 இல் தொடங்கிய கல்லூரி அது. பிரவேசப் பரீட்சை, மூன்று வருடப் படிப்பு, பிறகு ஒரு மூத்த சட்டத்தரணியின் கீழ் ஆறு மாதப் பயிலுநர் காலம், பின் உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம். ஆங்கிலத்தில் மட்டுமே பரீட்சை என்று 2020 டிசெம்பரில் ஒரு வர்த்தமானி வந்தபோது இந்தக் கரையில் எத்தனை வீடுகளில் புத்தகம் மூடிவைக்கப்பட்டது என்பது எனக்குத் தெரியும். 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அந்த ஒழுங்குவிதியை நிராகரித்தது. மூடிய புத்தகங்களை எல்லோரும் திறந்தார்களா என்பது வேறு விடயம். ஆங்கிலம் தேவையில்லை என்று நான் சொல்லமாட்டேன். மேல் நீதிமன்றங்களின் தீர்ப்புகளை வாசிக்க அது வேண்டும், பிள்ளைகள் படித்தே ஆகவேண்டும். அதற்காகத் தமிழில் சிந்திக்கிறவனுக்கு வாசலிலேயே கதவை அடைக்கலாமா?

அந்தப் பயிலுநர் காலத்தைப் பற்றி உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆறு மாதம் உங்கள் கோப்பைச் சுமந்து, தவணை குறித்து, வரைவு எழுதித் தருகிற பிள்ளைக்குப் பஸ் காசும் மத்தியானச் சோறுமாவது கொடுங்கள். தம்பலகாமத்திலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் தினமும் வந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மட்டும்தான் பயிலுநராக இருக்க முடியும் என்றால், நாளைக்கு நீதிமன்றத்தில் தோன்றுகிறவர்களும் அந்த வீடுகளிலிருந்து மட்டும்தான் வருவார்கள்.

அதைவிட எனக்கு அதிகம் வலிப்பது உங்கள் எழுதுவினைஞர்களின் நிலை. காணி உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தில் பத்து வருடம் இருந்த எழுதுவினைஞருக்கு என்ன தெரியும் என்று உங்களுக்கே தெரியும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி காணி கைமாறுவதென்றால் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு உறுதி முடிக்கவேண்டும். அந்த உறுதியில் நான்கு எல்லையும் பிழையின்றி விழுவது யாருடைய கண்ணால்? காணிப் பதிவகத்தில் பழைய பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் பின்னோக்கித் தேடி, இந்தக் காணி 1960 களில் யாரிடம் இருந்தது, எந்த ஈடு, அதாவது அடமானம், இன்னும் மீட்கப்படாமல் கிடக்கிறது என்று சொல்வது யார்? இந்த மாவட்டத்தில் 2004 சுனாமியில் உறுதியைக் கடல் கொண்டுபோன குடும்பங்கள் உண்டு. 2006 சண்டையில் மூதூரிலிருந்து உடுத்த உடுப்போடு நடந்து வந்தவர்கள் உண்டு. அவர்களில் எத்தனை பேருக்கு ஓர் எழுதுவினைஞரின் தேடல்தான் காணியைத் திருப்பிக் கொடுத்தது! யுத்த காலத்தில் தம் உரிமையைக் கோர முடியாமல் போனவர்களுக்காக 2016 இல் 5 ஆம் இலக்கக் காலவிதிப்புச் சிறப்பேற்பாடுகள் சட்டம் வந்தபோதும், அப்படி ஒன்று வந்திருக்கிறது என்று கிழவர் ஒருவருக்கு முதலில் சொன்னவர் தட்டச்சுக்குப் பின்னால் இருந்த ஒரு பெண்தான்.

அப்படிப்பட்டவரிடம் நியமனக் கடிதம் இல்லை. சம்பளத் துண்டு இல்லை. 1958 ஆம் ஆண்டிலிருந்து ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் இருக்கிறது. ஊழியரின் பங்கு 8 வீதம், தொழில்தருநரின் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு மேலும் 3 வீதம். மற்ற ஊழியர்களின் உரிமைக்காகத் தொழில் நியாய சபையில் வாதாடுகிறவர்கள் நீங்கள். உங்கள் மேசையில் இருப்பவருக்கும் சேமலாப நிதியைக் கட்டுங்கள். எல்லோரையும் சேர்த்துச் சொல்லவில்லை, ஒழுங்காகக் கட்டுகிறவர்களையும் நான் அறிவேன். வேலையை விட்டுப் போகும்போது, இவர் இத்தனை வருடம் இன்ன இன்ன வேலை செய்தார் என்று உங்கள் கடிதத்தலைப்பில் எழுதிக் கொடுங்கள். அனுபவம் கேட்கும் எந்த விண்ணப்பத்துக்கும் அந்தத் தாள் ஒன்றுதான் அவர்களிடம் இருக்கும்.

வெருகல் பிள்ளைக்கு வருவோம். அடுத்த அறிவித்தல் எப்போது வரும் என்று சொல்ல என்னால் முடியவில்லை. அதுவரை கிழமையில் இரண்டு நாள் வா என்றேன். வருகிறாள். குசினி மேசையில் இரண்டு பேரும் எதிரெதிரே இருக்கிறோம். நான் சாட்சி, அவள் முதலியார். ஒரு நாள் கிண்ணியாக் கடைக்காரராகப் பேசுகிறேன், ஒரு நாள் கந்தளாய் விவசாயியாக. போன முறை நான் கரையோரத்துப் பெண்ணானேன். "இவர் கடலுக்குப் போய்விட்டார்" என்றேன். அவள் உடனே உரைபெயர்க்கவில்லை. நீதிபதி இருக்கவேண்டிய பக்கமாக, எங்கள் வீட்டு அலுமாரியைப் பார்த்துத் திரும்பி, "கனம் நீதிபதி அவர்களே, சாட்சி தன் கணவரைக் குறிப்பிடுகிறாரா என்று கேட்டுத் தெளிவுபடுத்த அனுமதி வேண்டும்" என்று சிங்களத்தில் சொன்னாள். நான் அந்தக் கதையை அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த அறிவித்தல் எந்த மாதத்தில் வரும், பரீட்சை திருகோணமலையில் நடக்குமா என்ற இரண்டு கேள்விகளுக்கு மட்டுமாவது தமிழில் பதில் எழுதுங்கள். கிடைத்ததும் பிரதியெடுத்து வெருகல், ஈச்சிலம்பற்று, மூதூர், கிண்ணியா, குச்சவெளி எங்கும் நானே பஸ்ஸில் கொண்டுபோய் ஒட்டுவேன். பசை வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற உரைபெயர்ப்பாளர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.